இணைய நிரலாக்கப் பள்ளி: தளம் வாங்குமுன் அட்டை எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் தமிழில் நிரலாக்கம் கற்றுத்தர இணையப் பள்ளி தொடங்க விரும்புவோர் பலர் முதலில் கேட்பது, "எந்தத் தளத்தை வாங்கலாம்?" என்பதுதான். அடுத்து காணொளிப் பதிவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இவ்விரண்டையும் கடைசியில் முடிவு செய்தால் போதும். பள்ளியில் யார் யார் இருக்கிறார்கள், யார் எதற்குப் பொறுப்பு, யார் யாரிடம் எதைக் கேட்கலாம் என்பவற்றை முதலில் தாளில் எழுதிவிட வேண்டும். பொருள்நோக்கு நிரலாக்கத்தை, அதாவது தத்தம் பொறுப்புள்ள பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதாக நிரலை அமைக்கும் முறையை, கற்றுத்தரும் பள்ளி தன்னையும் அதே முறையில் வடிவமைத்துக்கொண்டால் இரண்டாம் அணி (ஒன்றாகப் படிக்கும் மாணவர் குழு) சேரும்போது பதிவேடு குழம்பாது. அந்த வடிவமைப்பையே மாணவர்களுக்கு முதல் பாடமாகவும் வைக்கலாம். சமூக அமைப்புகள், துணைப்பாட நிலையங்கள், தொண்டூழியர்கள் ஆகியோருக்குப் பயன்படும் என்று நடைமுறை விவரங்களை எழுதுகிறோம்.

நடைமுறைச் செயல்களைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதற்காகவே இந்தச் சிந்தனை முறை பிறந்தது. 1960களில் ஆஸ்லோவிலுள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நியூகோர்டும் உருவாக்கிய சிமுலா மொழி, வரிசையும் காத்திருப்பும் உள்ள அமைப்புகளை மாதிரியாக்குவதற்கானது. கிளாஸ் (ஒரு வகைப் பொருளுக்கான வரைவு), ஆப்ஜெக்ட் (அந்த வரைவின்படி உருவாகும் ஒவ்வொரு பொருள்) என்ற கருத்துகள் சிமுலா 67இல் தெளிவான உருவம் பெற்றன. 2001ஆம் ஆண்டின் டியூரிங் விருது அவ்விருவருக்கும் கிடைத்தது. பின்னர் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஸ்மால்டாக் மொழியை உருவாக்கிய ஆலன் கே, ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளையே முதன்மையாகக் கருதினார். அதனால்தான் விலங்கு, அதன் கீழ் நாய், பூனை என்று தொடங்கும் வழக்கமான எடுத்துக்காட்டை விட்டுவிடச் சொல்கிறோம். அதில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அதில் தொடங்கும் மாணவர், வகைப்பாட்டு மரம் வரைவதுதான் பொருள்நோக்கு என்று நினைத்துக்கொள்கிறார். பள்ளி அப்படியில்லை. அங்கே சேர்கிறார்கள், விலகுகிறார்கள், ஒப்படைக்கிறார்கள், திருத்துகிறார்கள், நினைவூட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் செய்தி.

வடிவமைப்பை அட்டைகளில் தொடங்கலாம். 1989இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும் முன்வைத்த முறை இது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஓர் அட்டை. மேலே அதன் பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் அது உதவி கேட்கும் மற்ற கிளாஸ்கள். முதலில் பள்ளியின் ஒரு வாரத்தை 15, 20 எளிய வாக்கியங்களில் எழுதிக்கொள்ளுங்கள்: "மாணவர் அணியில் சேர்கிறார்", "பயிற்றுநர் ஒப்படைப்பைத் திருத்துகிறார்", "பெற்றோர் இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டணம் செலுத்துகிறார்". பெயர்ச்சொற்களிலிருந்து அட்டைகளும் வினைச்சொற்களிலிருந்து பொறுப்புகளும் கிடைக்கும். ஆனால் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் அட்டையாகாது. மின்னஞ்சல் முகவரிக்கென்று செய்ய வேலை எதுவும் இல்லை. அது இன்னோர் அட்டையிலுள்ள விவரம், அவ்வளவே.

அட்டைகள் தயாரானதும் நான்கைந்து பேர் அவற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு நடித்துப் பார்க்க வேண்டும். "கட்டணம் செலுத்தாத ஒருவர் மூன்றாம் பாடத்தைத் திறக்கிறார்" என்று ஒருவர் சொல்கிறார். கேள்வி எந்த அட்டைக்குப் போகிறது? அந்த அட்டைக்காரர் பதில் சொல்ல யாரிடம் கேட்கிறார்? ஒருவரே பேசிக்கொண்டும் மற்றவர்கள் சும்மாவும் இருந்தால், அவருடைய அட்டை அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது என்று பொருள். "பள்ளி" என்ற பெயரில் எழுதப்படும் அட்டைக்குப் பெரும்பாலும் இதுதான் நேரும். அதைக் கிழித்து, அதிலுள்ள பொறுப்புகளை மற்றவற்றுக்குப் பங்கிடுங்கள். முதல் பருவத்துக்கு ஆள், பாடத்திட்டம், அணி, சேர்க்கை, பாடப் பதிப்பு, பயிற்சி, ஒப்படைப்பு, திருத்தக் குறிப்பு ஆகிய எட்டு அட்டைகள் போதும்.

இவற்றுள் பலரும் எழுதாமல் விடுவது சேர்க்கை. மாணவர், அணி என்ற இரண்டும் கண்ணுக்குத் தெரிவதால் உடனே எழுதிவிடுகிறார்கள். மாணவர் எந்த அணியில் இருக்கிறார், கட்டணம் செலுத்தினாரா, எத்தனை பாடம் முடித்தார் என்பவற்றையெல்லாம் மாணவர் பதிவிலேயே திணித்துவிடுகிறார்கள். முதல் அணி முடியும்வரை எந்தக் குறையும் தெரியாது. அதே மாணவர் பைத்தான் என்ற நிரல்மொழியின் அடிப்படையை முடித்துவிட்டு இணையப் பக்க வடிவமைப்பில் சேரும் நாளில் பழைய முன்னேற்றத்தின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். மாதக் கணக்கில் இரவு நேரப் பணி கிடைத்து இடையில் நிறுத்திய ஊழியர் அதே பாடத்திட்டத்தில் மறுபடி சேர்ந்தாலும் இதே கதி. மாணவரையும் அணியையும் இணைக்கும் உறவே ஓர் ஆப்ஜெக்ட் என்று பார்த்தால் சிக்கல் தீரும். சேர்ந்த நாள், கட்டண நிலை, முடித்த பாடங்கள், சான்றிதழ் எல்லாம் சேர்க்கைக்கே உரியவை. ஒரே ஆளுக்கு மூன்று சேர்க்கைகள் இருந்தாலும் ஒன்று மற்றொன்றைத் தொடாது.

சேர்க்கையின் நிலையை யார் வேண்டுமானாலும் நேரடியாக மாற்றும்படியும் விடக்கூடாது. விண்ணப்பம், உறுதி, நடப்பு, ஒத்திவைப்பு, நிறைவு, விலகல் என்று ஆறு நிலைகள் போதும். "உறுதிசெய்", "ஒத்திவை", "நிறைவுசெய்" போன்ற செயல்கள் வழியாக மட்டுமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடிய வேண்டும். ஒவ்வொரு செயலும் தனக்குரிய நிபந்தனையைத் தானே சரிபார்க்கும். பாடநூல்கள் உறைபொதியாக்கம் என்று சொல்வது இதைத்தான். பாடம் திறக்கலாமா என்ற விதியை இணையப் பக்கத்தில் ஒரு முறையும், நினைவூட்டல் அனுப்பும் நிரலில் ஒரு முறையும், அறிக்கையில் ஒரு முறையும் எழுதி வைத்தால், விதி மாறும் நாளில் ஏதாவது ஓரிடம் விட்டுப்போகும். திறக்கவே முடியாத பாடத்தை முடிக்கச் சொல்லி மாணவருக்குக் குறுஞ்செய்தி போகும். மூன்று இடங்களும் சேர்க்கையிடமே கேட்டால் விதி ஒரே இடத்தில் இருக்கும்.

அடுத்தது மரபுரிமையை, அதாவது ஒரு கிளாஸின் தன்மைகளைப் பெறும் கிளாஸ்களை அதன் கீழ் அமைப்பதை, தவறான இடத்தில் பயன்படுத்துவது. ஆள் என்ற கிளாஸின் கீழ் மாணவர், பயிற்றுநர், பெற்றோர் என்று மூன்றை வரைவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சிறிய சமூகப் பள்ளியில் சென்ற ஆண்டு படித்தவர் இந்த ஆண்டு உதவிப் பயிற்றுநராகிறார். மகளைச் சேர்த்த தந்தை தாமும் மாலை அணியில் படிக்கிறார். உருவாக்கியபின் பொதுவாக ஓர் ஆப்ஜெக்ட் தன் கிளாஸை மாற்றிக்கொள்வதில்லை. எனவே ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு, இரண்டு கடவுச்சொல், இரண்டு முகவரி என்று ஆகிவிடும். ஒன்றில் தொலைபேசி எண்ணை மாற்றினால் மற்றொன்றில் மாறாது. மாறக்கூடிய பொறுப்புக்கு மரபுரிமை ஆகாது. ஆள் ஒருவரே, அவரிடம் பொறுப்புகளின் பட்டியல் இருக்கும், ஒவ்வொரு பொறுப்புக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கும்.

ஆளின் பெயரையும் கவனிக்க வேண்டும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைக்கும் தளங்கள் நமக்குப் பொருந்தா. தமிழர்களுக்கு முன்னெழுத்தோ தந்தை பெயரோ இருக்கும். இங்குள்ள அடையாள அட்டைகளில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே சாய்கோடு வரும். அந்தப் பெயரை அப்படியே சான்றிதழ்க் கோப்பின் பெயராக வைத்தால், கணினி சாய்கோட்டைக் கோப்புறைப் பிரிவாக எடுத்துக்கொள்ளும், கோப்பு சேமிக்கப்படாது. முழுப்பெயருக்கு ஒரு கட்டம், அழைக்கும் பெயருக்கு ஒரு கட்டம், கோப்புப் பெயருக்குப் பள்ளி தானே உருவாக்கும் எண். இதுவே பாதுகாப்பு. அந்த எண்ணாக அடையாள அட்டை எண்ணைப் பயன்படுத்தவே கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழிகாட்டு நெறிகளின்படி, 2019 செப்டம்பர் 1 முதல் சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தைத் துல்லியமாக உறுதிசெய்வது அவசியமானாலோ தவிர, அமைப்புகள் அந்த எண்ணைத் திரட்டக்கூடாது. நிரலாக்க வகுப்பில் சேர்வதற்கு அத்தகைய தேவை இல்லை.

இனிப் பயிற்சிகளுக்கு வருவோம். பள்ளியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சரியான விடையைத் தெரிவு செய்தல், விடுபட்ட வரியை நிரப்புதல், நிரல் எழுதுதல், செயல்திட்டம் என்று நான்கு வகை பயிற்சிகள் இருக்கும். "இந்த வகை என்றால் இப்படி, அந்த வகை என்றால் அப்படி" என்று நிபந்தனைகளை அடுக்கி எழுதினால், காட்டும் பக்கம், மதிப்பிடும் பக்கம், அறிக்கை, நினைவூட்டல் என ஒவ்வோர் இடத்திலும் அதே அடுக்கு திரும்ப வரும். ஐந்தாவதாக ஒரு வகை சேரும்போது எல்லாவற்றையும் தேடித் திருத்த வேண்டும். ஒவ்வொரு வகையும் "காட்டு", "மதிப்பிடு" என்ற இரண்டு செய்திகளைப் புரிந்துகொண்டால் போதும். அழைப்பவருக்கு வகை தெரிய வேண்டியதில்லை.

இங்கே நுட்பமான பிழை ஒன்று பதுங்கியிருக்கிறது. "மதிப்பிடு என்றால் உடனே மதிப்பெண் வரும்" என்று முதல் மூன்று வகைகளை வைத்து முடிவு செய்துவிடுவார்கள். செயல்திட்டத்தை மனிதர்தான் பார்க்க வேண்டும். உடனே மதிப்பெண் வராது. அப்போது சிலர் பூஜ்யத்தைத் திருப்பித் தரும்படி எழுதுவார்கள். மாணவர் திரையில் "தோல்வி" என்று காட்டும். சிலர் பிழைச்செய்தி எழுப்புவார்கள். அறிக்கை முழுவதும் நின்றுவிடும். கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவின் பெயரால் அறியப்படும் விதி இதைப் பற்றியதே: மேல்நிலை கிளாஸ் கொடுத்த வாக்கைக் கீழ்நிலை கிளாஸ் மீறக்கூடாது. ஆகவே வாக்கையே முதலில் சரியாகக் கொடுங்கள். "மதிப்பிடு" தருவது மதிப்பெண் என்று வைக்காமல், முடிவு என்ற ஆப்ஜெக்டாக வையுங்கள். அந்த முடிவு "சரி", "திருத்தம் தேவை", "பயிற்றுநருக்குக் காத்திருக்கிறது" என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும். நான்கு வகையும் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியும்.

ஒவ்வொரு முயற்சியும் தனி ஒப்படைப்பாகச் சேமிக்கப்பட வேண்டும். பழையதன்மேல் புதியதை எழுதக்கூடாது. ஒரு மாணவரின் ஐந்து முயற்சிகளை வரிசையாகப் பார்க்கும் பயிற்றுநருக்கு, அவர் சுழற்சியைப் புரிந்துகொள்ளவில்லையா, இடைவெளி விடுவதில்தான் தடுமாறுகிறாரா என்பது தெரிந்துவிடும். கடைசி முயற்சி மட்டும் இருந்தால் தெரியாது. திருத்தக் குறிப்பும் குறிப்பிட்ட ஒப்படைப்போடு இணைய வேண்டும். மாணவரோடு இணைத்தால், "7ஆம் வரியைப் பாருங்கள்" என்ற குறிப்பு எந்த நிரலின் 7ஆம் வரி என்றே பிறகு விளங்காது.

மாணவர் எழுதிய நிரலைப் பள்ளியின் சேவைக்கணினியில் அப்படியே ஓட்டுவது ஆபத்து. முடிவில்லாச் சுழற்சி ஒன்று போதும், எல்லோருக்கும் தளம் நின்றுவிடும். தனிமைப்படுத்திய சூழலில், 5 விநாடி நேரம், 128 மெகாபைட் நினைவகம், 64 கிலோபைட் வெளியீடு என்று வரம்பு வைத்து, வலைத்தொடர்பை அடைத்து ஓட்ட வேண்டும். வெளியீட்டு வரம்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுழற்சிக்குள் அச்சிடும் ஒரே வரி சில விநாடிகளில் சேமிப்பகத்தை நிரப்பிவிடும். பணம் குறைவான பள்ளிக்கு இன்னொரு வழி உண்டு. உலாவிக்குள் ஓடும்படி அமைத்த பைத்தானாகிய பயோடைட் மூலம் நிரலை மாணவரின் உலாவியிலேயே ஓட்டலாம். சேவைக்கணினிச் செலவு மிச்சம். முதல் முறை திறக்கும்போது பல மெகாபைட் பதிவிறக்கம் ஆகும் என்பதையும், பக்கத்திலிருந்து தனியே ஓடும் பின்னணிப் பணியாளில் (வெப் வொர்க்கர்) ஓட்டாவிட்டால் முடிவில்லாச் சுழற்சி பக்கத்தையே உறைய வைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மாணவரின் கணினியில் கிடைத்த முடிவை அவர் மாற்றிவிட முடியும். சான்றிதழுக்கான பயிற்சியை மட்டும் பள்ளியின் கணினியில் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

தமிழ் எழுத்து உள்ள பயிற்சிகளுக்குத் தனிக் கவனம் தேவை. "தமிழ்" என்ற சொல்லில் நாம் எண்ணுவது மூன்று எழுத்து. பைத்தான் சொல்லும் நீளம் ஐந்து. மி என்பதில் மகரமும் இகரக் குறியும், ழ் என்பதில் ழகரமும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காவதே காரணம். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அது 15 பைட். "சொல்லின் எழுத்துகளை எண்ணுக" என்ற பயிற்சியை ஆங்கிலப் பாடத்திலிருந்து அப்படியே எடுத்து வைத்தால், மாணவர் விடையும் பயிற்றுநர் விடையும் மோதும். கொ என்ற எழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் தட்டலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றே, ஒப்பீட்டில் வேறு. விடைகளை ஒப்பிடுமுன் இரண்டையும், இத்தகைய இரட்டைக் குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சரியான விடை தவறென்று திரும்பாது. எழுத்து என்பதையே ஒரு கிளாஸாக எழுதச் சொல்வது தமிழ்ப் பள்ளி மட்டுமே கொடுக்கக்கூடிய அருமையான பயிற்சி.

தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களையும் சேர்த்துக்கொள்ள நினைத்தால், அவர்களிடம் பெரும்பாலும் இருப்பது கைப்பேசிதான் என்பதை மனத்தில் வையுங்கள். கைப்பேசி விசைப்பலகை வரியின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். நேரான மேற்கோள் குறியை வளைந்ததாக்கும். இரண்டுமே பைத்தானில் பிழை. மாணவர் தம்மிடம்தான் தவறு என்று எண்ணி முதல் வாரத்திலேயே ஒதுங்கிவிடுவார். நிரல் எழுதும் பெட்டியில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தி, அடைப்புக்குறி, முக்காற்புள்ளி, அடிக்கோடு, உள்தள்ளல் ஆகியவற்றுக்கு மேலே ஒரு விசை வரிசை கொடுங்கள்.

பாடங்களை இடையில் மாற்றுவதும் வம்பு. நான்காம் வாரத்தில் ஒரு பயிற்சியைத் திருத்தினால், ஏற்கெனவே விடை அனுப்பியவர்களின் மதிப்பெண் வேறு கேள்விக்கு உரியதாகிவிடும். பாடப் பதிப்பு வெளியானபின் மாறக்கூடாது. திருத்தம் என்றால் புதிய பதிப்பு. அணி எந்தப் பதிப்பில் தொடங்கியதோ அதையே முடிக்கும். நேரத்தையும் இப்படியே கையாளுங்கள். பயிற்றுநர் சென்னையில் இருந்தால் இங்கே இரவு 8.00 மணி அங்கே மாலை 5.30. வித்தியாசத்தை நிரலில் எண்ணாக எழுதாமல், நேர மண்டலத்தின் பெயரைச் சேமியுங்கள். மண்டலங்கள் மாறும், சிங்கப்பூரே 1982 தொடக்கத்தில் அரை மணி நேரம் முன்னே நகர்ந்தது. பொருள், சேவை வரி 2023இல் 8 விழுக்காடு, 2024இல் 9 விழுக்காடு என்று உயர்ந்ததைப் பார்த்தோம். வரி வசூலிக்கும் அமைப்பாக இருந்தால், அன்றைய விகிதத்தை ரசீதே வைத்திருக்க வேண்டும். தொகையைத் தசம எண்ணாக வைக்காமல் காசுகளின் முழு எண்ணாக வையுங்கள், பைத்தானில் 0.1உம் 0.2உம் சேர்ந்து சரியாக 0.3 ஆவதில்லை.

இவ்வளவும் எழுதியபின் இந்த வடிவமைப்பை மாணவர்முன் விரிக்கலாம். இங்குள்ள பிள்ளைகள் வெறுங்கையோடு வருவதில்லை. கல்வி அமைச்சும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் நடத்தும் 'கோட் ஃபார் ஃபன்' திட்டம் 2020 முதல் உயர் தொடக்கநிலை மாணவர் அனைவருக்குமானது. அதில் 10 மணி நேரம் பயில்கிறார்கள். கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் பழகியவரிடம், மாறியை (மதிப்பைச் சேமிக்கும் பெயரை) உருவாக்கும்போது "எல்லா உருவங்களுக்கும்", "இந்த உருவத்துக்கு மட்டும்" என்ற இரண்டு தெரிவுகள் வருவதை நினைவூட்டுங்கள். இரண்டாவது தெரிவுதான் ஆப்ஜெக்ட் தன் விவரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது. ஒலிபரப்புக் கட்டை, செய்தி. நகலெடுக்கும் கட்டை, ஒரே வரைவிலிருந்து பல ஆப்ஜெக்ட். அங்கிருந்து பைத்தானுக்கு ஒரே எட்டு.

உவமை வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றை எடுத்து, அது எங்கே உடைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் வரைபடம் கிளாஸ். அதன்படி கட்டிய ஒவ்வொரு வீடும் ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனிச் சாவி. இதுவரை பொருந்தும். ஆனால் வரைபடத்தைத் திருத்தினால் கட்டி முடித்த வீடுகள் மாறா. பைத்தானிலோ கிளாஸில் உள்ள ஒரு செயலைத் திருத்தினால் ஏற்கெனவே உள்ள எல்லா ஆப்ஜெக்ட்டும் புதிய செயலையே பின்பற்றும், ஏனெனில் அழைக்கும் நேரத்தில்தான் அது கிளாஸில் தேடப்படுகிறது. இதைச் சொல்லாமல் விட்டால், மூன்றாம் வாரத்தில் மாணவர் குழம்பும்போது உவமையே தடையாகிவிடும். இன்னொரு பொறியையும் வேண்டுமென்றே வையுங்கள்: சேர்க்கை கிளாஸின் உடலிலேயே "ஒப்படைப்புகள்" என்ற காலிப் பட்டியலை எழுதச் செய்து, இரண்டு சேர்க்கைகளை உருவாக்கி, ஒன்றில் ஓர் ஒப்படைப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். மற்றதிலும் அது தெரியும். பட்டியல் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் தொடக்கச் செயலுக்குள் எழுதினால் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனிப் பட்டியல் கிடைக்கும். பள்ளியின் பதிவேட்டில் ஒருவர் வேலை இன்னொருவர் பெயரில் ஏறுவதைக் கண்ணால் பார்த்த மாணவர் இதை மறக்கமாட்டார்.

ஆள்பலத்தை நேர்மையாகக் கணக்கிடுங்கள். ஓர் அணியில் 15 பேர், வாரம் இரண்டு ஒப்படைப்பு, ஒன்றைப் படித்துக் குறிப்பு எழுத 10 நிமிடம் என்றால், திருத்துவதற்கு மட்டும் 5 மணி நேரம். மாலைகளை ஒதுக்கி வரும் தொண்டூழியருக்கு அதுவே மேல் வரம்பு. 40 பேரைச் சேர்த்துக்கொண்டு, குறிப்பு இரண்டு வாரம் கழித்து வந்தால், காணொளி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை. முதல் பருவத்தில் ஒரு பாடத்திட்டம், ஓர் அணி, எட்டு வாரம், 12 பேர் என்று வைத்து, பதிவேட்டை விரிதாளிலேயே நடத்தலாம். ஓர் அட்டைக்கு ஒரு தாள். அட்டைகள் சரியாக இருந்தால் பின்னர் எந்தத் தளத்துக்கும் மாற்றலாம். தளம் வாங்கும் நாளில் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் அட்டைகளிலேயே இருக்கின்றன: ஒருவருக்கு இரண்டு சேர்க்கை இருக்க முடியுமா? பழைய முயற்சிகள் எல்லாம் நிற்குமா? பாடப் பதிப்பைப் பூட்ட முடியுமா? மாணவர் தம் நிரல்களையும் திருத்தக் குறிப்புகளையும் சாதாரண உரைக்கோப்புகளாகத் தாமே எடுத்துக்கொள்ள முடியுமா? கடைசிக் கேள்விக்கு முடியாது என்று பதில் வந்தால் அந்தத் தளத்தை வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
நிரலாக்கப் பயிற்றுநர்கள் சிலர்,
சிங்கப்பூர்